மரியஅந்தோணியின் மத்தியான டிரிப்

மரியஅந்தோணி உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. டிரைவர் சீட்டைத் தவிர வேறு எங்கும் அவர் உட்காருவதில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் பல வருடமாக டிரைவர். ஸ்டாண்டில் வண்டி நின்றதும் குதித்து இறங்கிவிடுவார். டயரைத் தட்டிப் பார்ப்பார், டீக்கடைக்குப் போவார், அங்கிருந்து பூக்கடை, பூக்கடையிலிருந்து மறுபடியும் டயர். டீயும் நின்றபடிதான், பேப்பரும் நின்றபடிதான். ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட பெஞ்சில் உட்காரமாட்டார். பின்வாசல் பக்கம் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்.

"அண்ணன் கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவரு" என்று கண்டக்டர் திருமுருகன் எல்லோரிடமும் சொல்லுவான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். மரியஅந்தோணியும் சிரிப்பார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்ற பயத்தில்தான் அவர் நிற்கிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

ஆளைப் பார்த்தால் குண்டு என்று சொல்ல முடியாது. கை கால் எல்லாம் ஒல்லி. கன்னம்கூட ஒட்டித்தான் இருக்கும். வயிறு மட்டும் தனியாக யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்ததுபோல முன்னால் நிற்கும். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டும் ஸ்டியரிங்கின் கீழ்வளைவு வயிற்றில் உரசும். காக்கிச் சட்டையில் மூன்றாவது பொத்தான் அடிக்கடி தெறிக்கும். மனைவி லூர்துசெல்வி தைத்துத் தைத்து அலுத்துப்போனாள்.

"ஏங்க, இது சரியில்லங்க. டாக்டருகிட்ட காட்டலாம்" என்பாள்.

"இன்னாத்த காட்றது? எழுபத்தி நாலு கிலோ. பஸ் ஸ்டாண்டு மிஷின்ல ஏறிப் பாரு, சீட்டு வரும். அது குண்டா? நாப்பத்தஞ்சி வயசுக்கு மேல ஆம்பளைக்கு லேசா தொப்ப இல்லன்னா நோயாளி மாதிரி இருப்பான்."

அந்தத் தொப்பை வந்த விதத்தில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. விடிவதற்கு முன் வெறும் வயிற்றோடு முதல் டிரிப். திண்டிவனம் போனதும் பசி பிய்க்கும். சூடாக இரண்டு போண்டா, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. ஒவ்வொரு டிரிப்பின் முடிவிலும் அதே டீ. மத்தியானம் மெஸ்ஸில் டிரைவர் என்றால் தனி மரியாதை; சோற்றை மலையாகக் குவித்து, குழம்பை ஊற்றி, கேட்காமலே இன்னொரு கரண்டி வைப்பார்கள். ராத்திரி வீட்டுக்குப் போகும் வழியில் பரோட்டா. படுத்தால் நிம்மதியான தூக்கமில்லை. எழுந்தால் தலை பாரமாக இருக்கும். அந்தப் பாரம் இறங்க மறுபடியும் டீ, மறுபடியும் சர்க்கரை. இளவட்டத்தில் பங்குக் கோயில் மைதானத்தில் வாலிபால் ஆடியவர், இப்போது காணைக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குப் போகவும் பைக்கை எடுத்தார்.

லூர்துசெல்வி அவரோடு ஒரே அறையில் படுப்பதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. குறட்டைதான் காரணம் என்று உறவுக்காரர்களிடம் சொல்வாள். முழு உண்மை அது இல்லை. ஒரு நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே அவரிடம் சொல்லிவிட்டாள்.

"நீங்க சத்தம் போட்டா எனக்கு ஒண்ணும் இல்லங்க. நடுவுல சத்தம் நின்னுடுது பாருங்க, அதான் பயமா இருக்குது. ஒரேடியா நின்னுபோயிடும். நான் மூக்குல கைய வச்சிப் பார்ப்பேன். மூச்சே வராது. அப்புறம் தண்ணிக்குள்ளேர்ந்து எழுந்தா மாதிரி ஒரு இழுப்பு இழுப்பீங்க."

"ஒனக்கு வேற வேல இல்ல. தூங்குற மனுஷன் மூக்குல கைய வச்சிக்கினு இருப்பியா?" என்று எரிந்து விழுந்தார். தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அன்றைக்கு முழுக்க அந்தப் பேச்சு அவரைத் துரத்தியது.

தை மாதத்தில் ஒரு நாள், மத்தியான டிரிப். திண்டிவனத்தில் ஒன்றே முக்காலுக்குக் கிளம்பி விழுப்புரம் போவது. சித்தணி தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தபிறகு முன்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டிரைவரே, இன்னாப்பா இது? என் ஸ்டாப்பு போயே போச்சு!"

தையல்நாயகியின் குரல். சித்தணிக்காரி. காலையில் திண்டிவனம் மார்க்கெட்டில் கீரையும் காயும் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு தினமும் இந்த வண்டியில்தான் திரும்புவாள். இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட் அவளுடையது. திருமுருகன் பின்னாலிருந்து இரண்டு முறை விசில் அடித்ததாகச் சொன்னான். மரியஅந்தோணிக்கு எந்த விசிலும் கேட்கவில்லை. அது மட்டுமில்லை, கூட்டேரிப்பட்டை விட்டுக் கிளம்பியது ஞாபகம் இருக்கிறது, அதன்பிறகு ஒன்றுமே இல்லை. அத்தனை தூரம் வண்டியை ஓட்டியது யார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏதோ யோசனையில வந்துட்டேம்மா" என்று ஓரம்கட்டி இறக்கிவிட்டார். தையல்நாயகி இறங்கியும் போகாமல் கீழே நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். வறுத்த வேர்க்கடலையை, அவர் பேச்சில் மல்லாட்டையை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வழிமுழுக்க மென்றார். பச்சை மிளகாயைக் கடித்தார். ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றினார். "திருமுருகா, முன்னால வந்து எதுனா பேசிக்கினு வா" என்று கூப்பிடுவார். அவன் கல்யாணப் பேச்சு, நிலத் தகராறு என்று எதையாவது சொல்லிக்கொண்டு வருவான். அவர் 'உம்' கொட்டுவார். 'உம்' கொட்டிக்கொண்டே சில சமயம் கண் செருகும். ஒவ்வொரு நாளும் விக்கிரவாண்டி டோல்கேட் கண்ணில் பட்டால்தான் அவருக்கு உயிர் வரும். அங்கே வேகம் குறைந்து, நின்று, வரிசையில் ஊர்ந்து போகவேண்டும். தூக்கம் கொஞ்சம் கலையும்.

பங்குனியில் அந்த நாள் வந்தது.

வெயில் தாரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வண்டியில் நிற்க இடமில்லை. கூட்டம் அதிகம் என்பதால் திருமுருகன் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தான். மெஸ்ஸில் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. மரியஅந்தோணி இரண்டாவது முறையும் சோறு வாங்கியிருந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டினார்கள். முன்னால் தொலைவில் ஒரு டிராக்டர், கரும்பு பாரத்தோடு முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். அதைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்து அவருக்குத் தெரிந்தது, தோளில் சுள்ளென்று விழுந்த அடி. தையல்நாயகி காலிக் கூடையால் ஓங்கி அடித்திருந்தாள். "டிரைவரே!" என்று அவள் போட்ட கூச்சலில் கண் திறந்தபோது கண்ணாடி முழுக்கக் கரும்பு. கால் தானாக பிரேக்கை மிதித்தது. வண்டி கீச்சிட்டு, இழுத்து, ஒரு பக்கமாக வளைந்து நின்றது. டிரெய்லருக்கு வெளியே நீண்டிருந்த கரும்புக் கழிகள் முன்கண்ணாடியில் இடித்து ஒரு மூலையைச் சிலந்திவலையாக்கின. பின்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு நெற்றி கம்பியில் பட்டு ரத்தம் வந்தது.

அப்புறம் எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"அப்பா, இன்னா பிரேக்குடா சாமி!"

"டிரைவரு கெட்டிக்காரரு. வேற ஆளா இருந்தா இன்னிக்கி அத்தினி பேரும் பொணம்."

மரியஅந்தோணி ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி இருந்தார். தையல்நாயகி மட்டும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும். மோவாய் மார்பில் தொங்கியதை அவள் பார்த்திருந்தாள்.

அதற்குள் கீழே சத்தம் கேட்டது. நாலைந்து பேர் இறங்கிப்போய் டிராக்டர்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டிருந்தார்கள். மண்ணாங்கட்டி என்று பெயர், பனமலைப் பக்கத்துக்காரர், தளர்ந்த சிறிய உடம்பு, வெயிலுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. "சைடு பார்க்காம வந்தியா? கூலிங் கிளாஸு வேற கேக்குதா ஒனக்கு?" என்று ஒருவன் கன்னத்தில் அறைந்தான். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்புதாங்க. பாரம் ஒரு பக்கம் சாஞ்சிடுச்சி, நான்தாங்க ஓரம் கட்டாம வந்துட்டேன். வுட்டுடுங்க" என்று எந்தத் தவறும் செய்யாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அடிபட்டு வளர்ந்தவர்கள் சிலர் அப்படித்தான். யார் சத்தம் போட்டாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள்.

மரியஅந்தோணி வாய் திறக்காமல் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இரண்டாவது அறையும் விழுந்தது. கதவைத் திறந்து இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அவர வுடுங்க."

"நீங்க சும்மா இருங்கண்ணா. இவன மாதிரி ஆளுங்களாலதான்…"

"வுடுங்கன்னு சொல்றேன் இல்ல! அவரு ஒழுங்காத்தான் போய்க்கினு இருந்தாரு. நான்தான் தூங்கிட்டேன்."

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. தான் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை என்று நினைத்து அவர் இன்னும் உரக்கச் சொன்னார்: "வண்டி ஓட்டிக்கினே தூங்கிட்டேன். அந்த அம்மா அடிச்சி எழுப்பலன்னா இடிச்சிருப்பேன். இதுக்கு மேல நான் இந்த வண்டிய ஓட்ட மாட்டேன். வேற வண்டி வரும், ஏறிப் போங்க." சாவியை எடுத்துவந்து திருமுருகன் கையில் வைத்தார்.

கெட்டிக்காரர் என்ற வாய்களே இப்போது மாறின. ஒருவன் போனை முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுத்தான். "மத்தியானத்துலயே ஊத்திக்கினு வந்துட்டான் பாரு" என்றான் இன்னொருவன். நெற்றியில் அடிபட்ட பெண் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். வசவுகளைவிட அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

"ஊத்திக்கினு வந்தானா? வருஷக்கணக்கா பக்கத்துல ஒக்காந்து வர்றேன். அந்த ஆளு வாயில மல்லாட்ட வாசன வரும், வேற எதுவும் வராது. மூடுங்கடா வாய" என்று தையல்நாயகி படியிலிருந்து கத்தினாள். அவள் பேச்சை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

ரோந்து போலீஸ் வந்தது. ஊதச் சொன்னார்கள், ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. வழக்கு எழுதி, டாக்டர் சான்று இல்லாமல் இனி வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ காணை வரைக்கும் வந்துசேர்ந்துவிட்டது. 'போதை டிரைவர்' என்று தலைப்பு போட்டிருந்தார்கள்.

முதலாளி கோதண்டபாணி மறுநாள் காலையில் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏன்யா, அந்த டிராக்டர்காரனே தப்பு தன்னுதுன்னு ஒத்துக்கினானாமே. நீ எதுக்கு வாயத் தொறந்த?"

"அவர அடிச்சாங்க மொதலாளி."

"ரெண்டு அடி வுழுந்திருக்கும், போயிருக்கும். இப்ப என் வண்டி பேரு ஊரு பூரா நாறுது." அப்புறம் அவரே குரலைத் தணித்துக்கொண்டார். "இத்தினி வருஷத்துல ஒரு கோழிக்குஞ்ச அடிச்சதில்ல நீ. ஒடம்புல என்னமோ இருக்குது. போய்க் காட்டு. அதுவரைக்கும் நம்ம மாத்து டிரைவரு நடராசன் ஓட்டட்டும்."

வீட்டில் லூர்துசெல்வி திட்டவில்லை. மகள் ஆஷ்லின் விழுப்புரத்தில் கல்லூரி படிக்கிறாள். வகுப்பில் அந்த வீடியோவை அவளிடமே காட்டியிருக்கிறார்கள். "நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம்பா. நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

டாக்டர் கலைப்பிரியா இளவயதுக்காரர். நடந்ததை முழுக்கக் கேட்டார். நடுவில் லூர்துசெல்வி மூச்சு நிற்பதைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பிறகு எழுந்துவந்து டேப்பை எடுத்து மரியஅந்தோணியின் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். அவர் தன்னையறியாமல் வயிற்றை எக்கினார்.

"எக்காதீங்க. சாதாரணமா மூச்சு விடுங்க… நூத்தி ஒண்ணு. நம்ம ஊர் ஆம்பளைங்களுக்குத் தொண்ணூறு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்."

"எழுபத்தி நாலு கிலோதாங்க டாக்டர் நான். கையப் பாருங்க, எவ்ளோ ஒல்லி."

"அதான் ஏமாத்துது. கை கால் ஒல்லியா இருந்து வயிறு மட்டும் பெருசா இருக்கறது இன்னும் மோசம். தோலுக்குக் கீழ இருக்கற கொழுப்பு வேற, உள்ளுக்குள்ள கல்லீரலையும் குடலையும் சுத்தி இருக்கற கொழுப்பு வேற. உள்ள இருக்கறது சும்மா இருக்காது. சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு, எல்லாத்துக்கும் வழி பண்ணும். எடை மிஷினுக்கு அதெல்லாம் தெரியாது."

"தூக்கத்துக்கும் தொப்பைக்கும் இன்னா டாக்டர் சம்பந்தம்?" என்று ஆஷ்லின் கேட்டாள்.

"மல்லாந்து படுத்தா வயித்துல இருக்கற பாரம் நுரையீரல மேல தள்ளும். கழுத்துலயும் கொழுப்பு சேர்ந்திருக்கு, தொண்டை அமுங்கி அடைச்சிக்கும். தொப்பை மட்டும்தான் காரணம்னு சொல்லமாட்டேன்; ஆனா பெரிய காரணம். மூச்சு நிக்கும்போதெல்லாம் மூளை தட்டி எழுப்பும். ராத்திரி பூரா படுத்திருக்காரு, ஆனா தூங்கவே இல்ல. பகல்ல ஒடம்பு அத வசூல் பண்ணாம விடுமா?"

மரியஅந்தோணி அந்த வார்த்தைகளை மெதுவாக உள்ளே வாங்கிக்கொண்டார். சோம்பேறித்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவர் முன்னால் வந்து நின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. பிரஷர் இருந்தது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. தூக்கப் பரிசோதனைக்குப் புதுச்சேரி போனார்கள். தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நின்றிருக்கிறது என்று முடிவு வந்தது. லூர்துசெல்வி அதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு மிஷின் கொடுத்தார்கள். குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும். மாட்டியதும் அவருக்கு யாரோ முகத்தை அமுக்கிக் கொல்வதுபோல இருந்தது. பிடுங்கி எறிந்தார். "இது பெரிய பேஜாரு. செத்தாலும் சாவறேன், இத மாட்டமாட்டேன்" என்றார். ஆஷ்லின் கோபப்படவில்லை, பகலில் டிவி பார்க்கும்போது சும்மா முகத்தில் வைத்துப் பழகச் சொன்னாள். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார். வாரக்கணக்கில் இழுத்தது. ஒரு நாள் காலையில் லூர்துசெல்வி எட்டிப் பார்த்தபோது குறட்டையும் இல்லை, இழுப்பும் இல்லை. பயந்துபோய்ப் பிடித்து உலுக்கினாள். அவர் முழித்துப் பார்த்தார்.

"ஏன்டீ, ஜென்மத்துல இப்பதான் தூங்குறேன். அதுவும் பொறுக்கலையா ஒனக்கு?"

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் மறுபடியும் திரும்பிப் படுத்தார்.

தூக்கம் வந்ததுபோல வயிறு சுலபமாகப் போகவில்லை. மிஷின் மூச்சைத்தான் காக்கும், கொழுப்பைக் கரைக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரை போடாத டீ அவருக்குக் கஷாயமாக இருந்தது. முதல் வாரம் தலைவலி, எதைப் பார்த்தாலும் எரிச்சல். லூர்துசெல்வி சோற்றைக் குறைத்து, கீரையும் சுண்டலும் கூட்டி வைத்தாள். ராத்திரிக்குக் கேப்பை அடை, அதுவும் இரண்டே. ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் இன்னா மாடா?" என்று கத்திவிட்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். பழைய டீக்கடையில் போண்டா வாங்கி, ஒன்று முடிவதற்குள் இன்னொன்றாக, வேகவேகமாகத் தின்றார். கடைக்காரருக்கு அவரைக் கண்டதில் சந்தோஷம். "இன்னாண்ணா, எளச்சிட்டீங்களே. இன்னும் ரெண்டு வைக்கட்டா?" அப்போதுதான் கையில் இருந்த எண்ணெயைப் பார்த்தார். திரும்பி வந்து லூர்துசெல்வியிடம் உள்ளதைச் சொன்னார். "நாளைக்கி பார்த்துக்கலாம், வுடுங்க" என்றாள்.

காலையும் மாலையும் ஏரிக்கரையில் நடந்தார். ஆரம்பத்தில் மூச்சு வாங்கியது. கரையில் பாதியிலேயே திரும்பினார். வயல்வேலைக்குப் போகிறவர்கள், "இன்னா டிரைவரே, வண்டி இல்லையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் குத்தியது. வீடியோவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் உண்மையைக் கேட்டிருப்பார்கள்? ஒவ்வொருவரையும் நிறுத்தி விளக்கம் சொல்ல முடியுமா? சில நாள் வழியை மாற்றிக் கரும்புத் தோட்டத்துப் பக்கமாக நடந்தார். அங்கேயும் டிராக்டர் சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுவார், அது கண்ணில் இருந்து மறையும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பனமலைக்குப் போய் மண்ணாங்கட்டியைத் தேடினார். ஏரி ஓரத்துக் களத்தில் வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்தவர் இவரைப் பார்த்துவிட்டு, பழக்கம் விடாமல் முதலில் கும்பிட்டார். மரியஅந்தோணிக்கு உடம்பு கூசியது.

"நீங்க கும்புடாதீங்க ஐயா. என்னாலதான் அடி வாங்கினீங்க."

"அது இன்னிக்கி நேத்தா வாங்கறேன்? ஒத்துக்கினு எறங்கி வந்தீங்க பாருங்க, அத எங்க வூட்டுல சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க" என்றார் மண்ணாங்கட்டி. சிறிது தூரம் கூடவே நடந்து வந்து வழியனுப்பினார்.

ஐப்பசி வாக்கில் டாக்டர் மறுபடியும் அளந்தார். தொண்ணூற்று நாலு. சர்க்கரை இறங்கியிருந்தது, மாத்திரை தொடரவேண்டும். கல்லீரல் தேறிக்கொண்டு வந்தது. தினமும் மிஷின் போட்டுத் தூங்குகிறார் என்பதை அந்த மிஷினின் கணக்கிலேயே பார்த்துவிட்டு, மறுபடியும் தூக்கத்தைச் சோதித்துவிட்டு, வண்டி ஓட்டலாம் என்று சான்று கொடுத்தார். "மிஷினை விட்டீங்கன்னா சாவியையும் விட்டுடணும்" என்றார்.

கோதண்டபாணி கொஞ்சம் யோசித்தார். முதலில் ஆள் ஏற்றாமல் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி எடுத்துப் போகச் சொன்னார். இரண்டு வாரம் அப்படி ஓடியது. பிறகு காலை டிரிப்புகளைக் கொடுத்தார். முதல் நாள் சித்தணியில் தையல்நாயகி ஏறினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வயித்த எங்கப்பா வச்சிட்டு வந்த?" என்றாள். வண்டியில் சிலர் சிரித்தார்கள். ஒன்றிரண்டு பேர் அவரை அடையாளம் கண்டு முணுமுணுத்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டார்கள். அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

மத்தியான டிரிப்பை மட்டும் அவர் கேட்கவில்லை. அது நடராசனிடமே இருந்தது. நடராசன் அவரைவிட வயதில் சின்னவன், கலகலப்பானவன். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வண்டிக்குள்ளேயே சாய்ந்தால், நின்ற வண்டி அதிரும்படி குறட்டை விடுவான். மரியஅந்தோணி அவனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒரு தடவ போய்க் காட்டிட்டு வந்துடு. நானே கூட வர்றேன்."

"அண்ணே, ஒங்களுக்கு வந்துச்சின்னா ஊருக்கே வந்துடுமா? எனக்கு எங்க தொப்ப? இது காத்து." வயிற்றைத் தட்டிக்காட்டிச் சிரித்தான். "அடுத்த வாரம் பார்க்கலாம்ணே."

அடுத்த வாரமும் அதையேதான் சொன்னான். அதற்கடுத்த வாரமும். முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். ஆள் கிடைக்கவில்லை, பார்க்கலாம் என்றார். நடராசன் மனைவியிடம் பேச வீடு தேடிப் போனார். அவள் ஊருக்குப் போயிருந்தாள்.

காலை டிரிப்புகளை முடித்துவிட்டு மரியஅந்தோணி வீட்டுக்கு வந்துவிடுவார். அளவாகச் சாப்பிடுவார். லூர்துசெல்வி ஓய்வெடுக்கச் சொல்லுவாள். இப்போது உட்கார்ந்தாலும் தூக்கம் வருவதில்லை. ஆனால் ஒன்றே முக்கால் ஆகிவிட்டால் எழுந்துவிடுவார். போனை எடுத்துத் திருமுருகனைக் கூப்பிடுவார்.

"கெளம்பிட்டீங்களா? கூட்டமா? இருந்தா இருக்கட்டும். நீ முன்னால போய் நின்னுக்க. டிக்கெட்ட அப்புறமா போட்டுக்கலாம். அவங்கிட்ட பேச்சு குடுத்துக்கினே வா."

பேசி முடித்துவிட்டு, வண்டி விக்கிரவாண்டி டோல்கேட் வந்துசேரும் நேரம்வரை வாசலில் நடந்துகொண்டிருப்பார்.